தாய்க் கண்

வாசல் கதவைச் சாத்திக்கொள், தாழ்ப்பாள் போட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்காதே, சங்குச் சத்தம் நம் வீட்டுப் பக்கம் வந்ததும் பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள், பிரேதம் வாசலைத் தாண்டுகிற நேரத்தில் பச்சைப்பிள்ளை தூங்கிக்கொண்டு கிடக்கக் கூடாது, தாண்டினதும் மறுபடி கிடத்திக்கொள்ளலாம், இவ்வளவுதான், இதற்கென்ன பெரிய சூரத்தனம் வேண்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். அம்மா பேசினால் அப்படித்தான், மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்த மாட்டாள். குழலி தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, முடியாது என்று ஆட்டினாளா என்பதை நின்று பார்க்க அம்மாவுக்கு ஏது நேரம். தெருக்கோடி ரைஸ்மில் பெரியப்பா காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அப்பா அப்போதே போய்விட்டார். தெருவே அங்கேதான் கிடந்தது. அம்மா மட்டும் பிள்ளை பெற்றவள் இருக்கிற வீடு என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எடுக்கப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்ன பிறகு, இதற்கும் போகாவிட்டால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது என்று கிளம்பினாள். போகிறபோது தொட்டில் சேலையை விலக்கி, “கறுப்பி, நாத்தம் புடிச்ச கழுத, முழிச்சே கொன்னுருவேன்” என்று கொஞ்சினாள். அழகு என்று சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் அதை நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. முழித்தால் கொன்றுவிடுவேன் என்று அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள். அம்மாவால் சொல்ல முடிகிறது. குழலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரில் காலண்டர். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் ஒன்றும் இல்லை. இரண்டு சுவருக்கும் இடையே கட்டின கொடியில் பாப்பாவின் துணிகள் காய மாட்டேன் என்று தொங்கிக்கொண்டிருந்தன. வெளியே சாரல். தென்காசிப் பக்கத்தில் இந்த மாதத்தில் எந்தத் துணியும் காயாது, சாம்பிராணி போட்டுத்தான் காய வைக்க வேண்டும், அதனால் வீடு முழுக்கப் புகையும் பாலும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை. வருகிறவர்கள் எல்லாரும், ஆகா, பிள்ளை பெற்ற வீட்டு வாசம் என்று மூக்கை நிமிர்த்தி இழுக்கிறார்கள். குழலிக்குக் குமட்டுகிறது. குமட்டுகிறது என்று சொன்னால் வெந்நீரில் சீரகம் தட்டிப் போட்டுத் தருவார்கள். வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. காதில் பஞ்சு. பஞ்சு இருந்தாலும் பாப்பா மூச்சு விடுவது கேட்கிறது. அது கேட்காமல் போனால் ஓடிப் போய்ப் பார்க்கிறாள். ஓடுகிறது கால்தான். பார்க்கிறது தொட்டில் சேலையைத்தான், மேலும் கீழும் அசைகிறதா என்று. சேலை அசைந்தால் போதும், திரும்பி வந்துவிடுவாள். பிள்ளையின் முகத்தை அவள் பார்ப்பதில்லை.

அதைத்தான் ஊர் மெச்சுகிறது, அதுதான் வேடிக்கை. ஊரார் கண்ணைவிடப் பெற்றவள் கண் பொல்லாதது என்பது அம்மாவின் கட்சி. தூங்குகிற பிள்ளையைப் பெற்றவள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து ரசிக்கக் கூடாது, பால் கொடுக்கும்போதுகூட முந்தானையால் மூடிவிட்டு வேறே பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், தாயின் கண் பட்டால் எந்த மிளகாயைச் சுற்றிப் போட்டாலும் போகாது. பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி ஒரு தடவை வந்திருந்தபோது குழலி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, “பகவதிக்கா, இந்தக் காலத்துப் பிள்ளைகள்லாம் பொறந்த அன்னைக்கே போட்டோ புடிச்சுப் போட்டுருதுக. ஒங்க மவளப் பாருங்க, எம்புட்டு வெவரம்” என்றாள். அம்மாவுக்கு அன்றைக்கு முகம் பூரித்துப் போனது. “நான் ஒரு தடவைதான் சொன்னேன். புடிச்சுக்கிட்டா. பாக்கவே மாட்டா, கேட்டியா. அம்புட்டுப் பிரியம்” என்றாள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் இதே பெருமைதான். குளிப்பாட்ட வருகிற பூரணத்தம்மாளிடம், பால்காரரிடம், போனில் சம்பந்தியம்மாளிடம். பாக்கவே மாட்டா. அம்புட்டுப் பிரியம். குழலி அதைக் கேட்டுக்கொண்டு பூண்டுக் குழம்பை விட்டுச் சோற்றைப் பிசைவாள். பிசைவாள், உருட்டுவாள், தட்டிலேயே வைத்துவிடுவாள். இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அந்த நேரம் பார்த்து அம்மா இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றிவிடுவாள்.

முதலில் பார்த்தாள்தான். ஆஸ்பத்திரியில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மார்மேல் வைத்தபோது பார்த்தாள். எல்லாரும் சொல்லியிருந்தார்கள், முகத்தைப் பார்த்ததும் பட்ட வலியெல்லாம் மறந்துபோகும், மனசு அப்படியே நிறைந்துபோகும் என்று. அவள் காத்திருந்தாள். இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிற்பதுபோல நின்றாள். ஒன்றும் வரவில்லை. யாரோ ஒருவருடைய பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடி என்று கொடுத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. எப்போது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று கதவைப் பார்த்தாள். சரி, மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை. சரி, தூக்கம் இல்லை. சரி, வீட்டுக்குப் போனால் வரும். வீட்டுக்கு வந்தாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், அம்மா அடுக்களையில் இருந்தாள், அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிக்குழி துடித்துக்கொண்டிருந்தது. மண்டையில் இன்னும் மூடாத இடம், அங்கே கை அழுந்திவிடக் கூடாது என்று பூரணத்தம்மாள் அன்றைக்குக் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது அது வந்தது. யாரும் சொல்லவில்லை, காதில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவளுடைய நினைப்புதான், அவளுடைய குரல்தான், காய்கறி நறுக்கு, விளக்கைப் போடு என்று நினைத்துக்கொள்வாளே, அந்தக் குரல்தான். போட்டுரு, என்றது. அவ்வளவுதான். எதை, எங்கே என்றுகூட இல்லை. போட்டுரு. அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து போய்ப் புறவாசலில் நின்றாள். கையை வேட்டியில் துடைத்தாள், அப்பாவுடைய வேட்டி கொடியில் கிடந்தது, அதில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் அது கொஞ்சம் அடங்கிக் கிடக்கிறது. பார்த்தால் வருகிறது. படியில் இறங்கும்போது வருகிறது, ஜன்னலோரம் நிற்கும்போது வருகிறது, புறவாசலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் நிச்சயமாக வருகிறது. தொட்டிக்கு ஒரு தகர மூடி உண்டு. அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள், பச்சை உடம்போடு, தையல் இழுக்க இழுக்க. அம்மா பார்த்துவிட்டு, பல்லி கில்லி விழுந்துவிடக் கூடாதென்று வைத்திருக்கிறாள், பிள்ளைக்கு வெந்நீர் வைக்கிற தண்ணீர் அல்லவா, பொறுப்பு வந்துவிட்டது பார் என்று அப்பாவிடம் சொன்னாள். இந்த வீட்டில் அவள் எதைச் செய்தாலும் அது தாய்ப்பாசமாகிவிடுகிறது. அழுதால் பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும். சாப்பிடாவிட்டால் பத்தியம் பிடிக்கவில்லை. பேசாவிட்டால் அலுப்பு. எங்கே போய் முட்டிக்கொள்வது. நாயகத்திடம் சொல்லிப் பார்த்தாள். புருஷன் நல்லவன்தான், சென்னையில் இருந்துகொண்டு தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான், வந்ததும் பாப்பாவைக் காட்டு, பாப்பாவைக் காட்டு என்பான், அவள் போனைத் தொட்டில் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவள் முகம் அவனுக்குத் தெரியாது, அதுவும் ஒரு வசதி. ஒரு நாள், எனக்கு எதுவுமே பிடிக்கலைங்க என்றாள். எனக்கு மட்டும் இந்த ஆபீஸ் பிடிச்சா இருக்கு என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். கெட்டவன் என்றால் சண்டையாவது போடலாம். நல்லவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஒரே ஒருத்திதான் கேட்டாள். பாப்பாவை எடை போட வந்த நர்ஸ். எடை போட்டாள், தொப்புளைப் பார்த்தாள், சட்டையைத் திருப்பி மாட்டினாள், அப்புறம் சும்மா கேட்பதுபோலக் குழலியைப் பார்த்து, “நீ எப்படிம்மா இருக்க? தூக்கம் வருதா? சும்மா சும்மா அழுகை வருதா?” என்றாள். குழலி வாயைத் திறந்துவிட்டாள். சத்தியமாகத் திறந்துவிட்டாள். அடுக்களையிலிருந்து அம்மா, “அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா. எல்லாம் நான் பாத்துக்கிடுதேம்லா” என்று காபியோடு வந்தாள். நர்ஸ் காபியை வாங்கிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். குழலி வாயை மூடிக்கொண்டாள். அம்மா சொன்னது பொய்யில்லை. எல்லாவற்றையும் அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். ராத்திரி எழுந்து பிள்ளையைத் தூக்கி மார்பில் போடுவது அம்மா, துணி மாற்றுவது அம்மா, ஏப்பம் எடுப்பது அம்மா. அம்மா இருக்கும்போது பயம் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் அது வந்தாலும் வந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் இன்று வரைக்கும் ஓடியிருக்கிறது. இன்றைக்கு முதல் தடவையாக அம்மா இல்லை. வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும்தான் இருந்தார்கள்.

நாம் ஏன் இப்படி ஆகிப்போனோம் என்று நினைத்தாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். புரியாத பிள்ளைக்கு மறுபடி, மறுபடி என்று கோபப்படாமல் சொல்லிக்கொடுத்தவள். யார் பிள்ளையையும் ஓங்கி ஒரு அடி அடித்ததில்லை, ஒருவன் சாக்பீஸால் அவள் சேலையில் கோடு போட்டபோதுகூட. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே இதற்காக மஞ்சளில் ஒரு கவுன் வாங்கினாள், கடைக்காரர் பையனா பெண்ணா தெரியாமல் வாங்கலாமா என்று கேட்டதற்கு, பெண்தான் என்று அடித்துச் சொன்னாள். பெண்தான். அது சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் தப்பாகிவிட்டது. அந்தக் கவுன் எங்கே இருக்கிறது. பெட்டியில் இருக்கும். போனில் ஒரு தடவை, பெற்ற பிள்ளைமேல் பாசம் வரவில்லை என்று தட்டிப் பார்த்தாள், தட்டிவிட்டு, யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து அழித்தாள். அழித்ததை மறுபடி அழித்தாள். பிள்ளையைக் கொன்ற தாய் என்று பேப்பரில் போடுவார்களே, போட்டோ போட்டு, அம்மா அதைப் படித்துவிட்டு, இவளெல்லாம் ஒரு பொம்பளையா, நாசமாய்ப் போக என்று மடித்து வைப்பாளே. அந்தப் பேப்பரில்தான் மறுநாள் கீரை ஆய்வாள். அப்படி ஒருத்தி இந்த வீட்டிலேயே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்? நான் செய்ய மாட்டேன். நான் செய்ய மாட்டேன். செய்ய மாட்டேன் என்று எதற்கு இத்தனை தடவை சொல்ல வேண்டும், செய்யாதவர்கள் சொல்லிக்கொள்வார்களா, அம்மா சொல்லிக்கொள்கிறாளா, சீதா சொல்லிக்கொள்கிறாளா. நாக்கு வறண்டுவிட்டது. சொம்பில் தண்ணீர் இருந்தது, அது தொட்டில் பக்கம் இருந்தது, அவள் எடுக்கப் போகவில்லை.

தெருக்கோடியில் வேட்டுப் போட்டார்கள். அவள் பஞ்சை எடுத்துவிட்டாள். சேகண்டி டங்கென்று ஒன்று, அப்புறம் சங்கு, நீளமாக, கடைசியில் மூச்சு முட்டி நின்றுபோகிற சங்கு. தூரத்தில்தான். இன்னும் நேரம் இருக்கிறது. பெண்கள் அழுகிற சத்தம் ஒரே நேரத்தில் எழுந்தது, அதில் அம்மாவின் குரல் எது என்று தேடினாள். பெரியப்பா நல்ல மனுஷர், இவளுக்குக் கல்யாணத்தில் ஒரு குத்துவிளக்கு கொடுத்தார். அவர் செத்துப்போனதற்கு ஒரு சொட்டு வரவில்லையே என்று பார்த்தாள். வேறு எதற்கெல்லாமோ வருகிறது. தொட்டில் அசைந்தது. இன்னொரு வேட்டு. பாப்பா ஒரு தடவை சிணுங்கி நிறுத்தியது, யோசித்தது, பிறகு அழ ஆரம்பித்தது. சரி, தானே முழித்துவிட்டது. தூங்கக் கூடாது என்றுதானே அம்மா சொன்னாள், முழித்துவிட்டது, அதுபோதும். இல்லை. தூக்கி மடியில் வைத்துக்கொள் என்றாள். மடியில் கிடத்திப் பெற்றவள் கை வைத்திருந்தால் பிரேதத்தோடு போகிற எதுவும் பிள்ளையை அண்டாதாம். பெற்றவள் கை. குழலி தன் கைகளைப் பார்த்தாள். அம்மா வளையலைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தாள், பிள்ளைக்குக் குத்தும் என்று. வெறும் கைகள். அவள் எழுந்தாள். கால் நகர்ந்தது, நல்ல கால். தொட்டிலருகே போய்ச் சேலையை விலக்கினாள், கண்ணைக் காலண்டரில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். சூடு. எவ்வளவு சூடு இதற்கு. துணி நனைந்திருந்தது, அதற்குக் கீழே ஒரு சின்னத் தொடை உதைத்தது. கழுத்துக்கு அடியில் கையைக் கொடு. கொடுத்தாள். தூக்கு. கழுத்து அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பாரமே இல்லை, கொய்யாப்பழம் அளவுக்குக்கூட இல்லை. ஒரு கையால் முடிகிற காரியம் என்று அந்தக் குரல் சொன்னது.

கையை உருவிக்கொண்டாள். எப்படி உருவினாள், பிள்ளை தலை இடித்ததா, சேலையில்தான் விழுந்திருக்கும், அழுகை ஒரு கணம் நின்று பிறகு பெரிதாக எழுந்ததே, இடித்துவிட்டதா. அவள் பார்க்கவில்லை. நடந்தாள், ஓடினாள், அடுக்களையைத் தாண்டிப் புறவாசல் கதவைத் திறந்து, வெளியே வந்து, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டாள். அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இப்போது ஒரு கதவு. நல்லது. மூச்சு வந்தது. கதவில் முதுகைக் கொடுத்து ஈரத் தரையில் உட்கார்ந்தாள். சாரல் முகத்தில் விழுந்தது. தையல் சுரீர் என்றது. சங்கு இப்போது தெருவுக்குள் வந்துவிட்டது. சீதா வீட்டைத் தாண்டுகிறார்கள். நம் வாசல். உள்ளே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது, வெளியே சங்கு, இரண்டும் ஒன்றாகிவிட்டதுபோல. அண்டட்டும், என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவாக ஏதாவது வந்து கொண்டுபோகட்டும், என் கையால் வேண்டாம், எனக்கு விட்டுப்போகும், எல்லாரும் அழலாம், நானும் அழலாம், யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான். அது தெரிந்ததும் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ என் பிள்ளை. ஐயோ என் பிள்ளையே, நீ ஏன்டி என் வயிற்றில் வந்து பிறந்தாய், உனக்கு வேறு இடமா இல்லை. மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. உடம்புக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. சங்கு தாண்டிப் போனது. சேகண்டி தாண்டிப் போனது. பிள்ளையின் குரல் கம்மிவிட்டது, விட்டு விட்டு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அம்மா சந்து வழியாகத்தான் வந்தாள். துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசல் வழியாக வரக் கூடாது, புறவாசலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும், பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். அம்மா இதிலெல்லாம் நூல் பிசக மாட்டாள். கொண்டி போட்ட கதவையும் அதன் கீழே நனைந்துகொண்டு கிடக்கிற மகளையும் பார்த்து அப்படியே நின்றாள்.

“ஏட்டி, என்னட்டி இது? உள்ள பாப்பா கெடந்து கத்துது. தூக்கலையா?”

“தூக்கலை.”

“சங்கு கேக்கலையா ஒனக்கு?”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சா! கேட்டுட்டா இங்க வந்து ஒக்காந்துருக்க? பச்ச ஒடம்போட மழைல? கிறுக்கு புடிச்சிருக்கா?” அம்மா வாளியை இழுத்துப் போட்டாள். அம்மிக்குழவியை நகர்த்தி மூடியைத் தள்ளி, தண்ணீரை மொண்டாள். “போ. போயி அதத் தூக்கி அமத்து. நான் தலைக்கு ஊத்திட்டு ஓடியாரேன்.”

“குளிக்கப் போகாதம்மா.”

“என்னது?”

“குளிக்கப் போகாத. நீ குளிச்சு முடிக்கதுக்குள்ள நான் அதுகூடத் தனியா இருக்கணும்.”

அம்மா செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். இதைத்தான் சொல்ல வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் வராது என்று குழலிக்குத் தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எனக்குப் பயமா இருக்கும்மா. பாப்பாவத் தூக்குனா, போட்டுரு போட்டுருன்னு தோணுது. கைதவறிப் போட்டுருவேன்னு இல்ல. வேணும்னே. பாத்தாலே தோணுது. அதான் பாக்கதில்ல.”

“நீ கண்ணு பட்டுரும்னுல்லா...”

“இல்லம்மா. கண்ணு படும்னு இல்ல. எனக்கு அது மேல ஒண்ணும் வரமாட்டேங்குது. எல்லாரும் பிரியம் பிரியம்னு சொல்லுதிய. எனக்கு வரவே இல்லம்மா. நான் செத்துப்போயிட்டா அதுக்கு நல்லதுன்னு தோணுது.”

செம்பு வாளிக்குள் விழுந்தது. அம்மா திட்டுவாள் என்று குழலி நினைத்தாள். வாயில் போடுவாள், விபூதியைப் பூசுவாள், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே” என்றாள் கடைசியில். “பாக்கவே மாட்டா, பாக்கவே மாட்டான்னு. ஒரு நாளாவது ஏன்ட்டி பாக்க மாட்டேங்கேன்னு கேக்கலையே.” பிறகு, குளிக்காமல், பிரேதத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்த கையோடு கொண்டியைத் திறந்தாள். குழலியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள், விடவே இல்லை, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கும்போதுகூட மறுகை மகளின் மணிக்கட்டில்தான் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டாள். அது விக்கி விக்கி அடங்கியது. தலையில் ஒன்றுமில்லை என்று தடவிப் பார்த்துச் சொன்னாள். அப்படியே அடுக்களைத் தரையில் மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். “இப்பவும் தோணுதா?” என்றாள் அம்மா.

“தோணுது.”

“சரி. தோணட்டும். நான் இருக்கேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீ இப்ப சொன்னத அப்படியே டாக்டரம்மாட்ட சொல்லணும். ஒனக்கு வாய் வரலைன்னா நான் சொல்லுதேன். மாப்பிள்ளைட்ட நான் பேசுதேன்.” திடமாகத்தான் ஆரம்பித்தாள், மாப்பிள்ளை என்னும்போது உடைந்துவிட்டாள். பெரியப்பா வீட்டில் முந்தானையால் வாயை மூடி மரியாதைக்கு அழுதவள், இங்கே வாய்விட்டு, பிள்ளை தோளில் அதிர அதிர அழுதாள். குழலிக்கு அழுகை வரவில்லை. அம்மாவின் சேலையில் ஊதுபத்தியும் ரோஜாவும் சாவும் மணத்தன. அந்தத் தோளில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீதாலெட்சுமியின் குரல் வந்தது. அவளும் இப்போதுதான் திரும்பியிருந்தாள், வாளிச் சத்தம் கேட்டது. “பகவதிக்கா, என்ன இப்படி அழுதிய? வயசான மனுசன், கெடையில விழாமப் போயிட்டாரு. நல்ல சாவுதானக்கா. மனசத் தேத்துங்க.”

அம்மா மூக்கைச் சிந்தினாள். அவளுக்கென்ன, நல்லா இருக்கா என்று சொல்கிற அதே குரலைக் குழலி எதிர்பார்த்தாள்.

“அவருக்கு அழல சீதா” என்றாள் அம்மா, மதிலுக்குக் கேட்கும்படி சத்தமாக. “எம்மவளுக்கு முடியல.”

“குழலிக்கா? என்னக்கா, காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல. மனசுக்கு முடியல. பிள்ளை பெத்ததுலேர்ந்தே முடியல, நமக்குத் தெரியல. எனக்குத் தனியா கையும் ஓடல காலும் ஓடல. இங்க வா.”

அந்தப் பக்கம் வாளிச் சத்தம் நின்றது. “நான் இன்னும் குளிக்கலையே அக்கா.”

“நானுந்தான் குளிக்கல” என்றாள் அம்மா. “வா.”